சூடான பிறகு

"என்ஜினை அணைக்காதீங்க. நல்லா சூடாகட்டும்."

சாவியைத் திருப்பப் போன கார்க்காரரின் கை அப்படியே நின்றது. இதை மட்டும் கேட்கவே கூடாது என்று வண்டியைச் சோதிக்க வந்த இன்ஜினியர் பெண்ணிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டும், முள் மேலே ஏறுவதைக் காட்ட வேண்டும், மீட்டரில்தான் கோளாறு என்று சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டும். அவளுக்குக் கொடுத்த வேலை அவ்வளவுதான்.

"பெட்ரோல் சும்மாவா வருது, மேடம்?" என்றார். 'மேடம்' என்ற சொல் அவர் வாயில் கல் போல உருண்டது.

"எரியட்டும்."

காரை வாங்க வந்திருந்த வேன் டிரைவர் ஷெட்டின் தூணில் சாய்ந்து நின்றார். பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தவர். சாவதற்குள் சொந்தமாக ஒரு டாக்ஸி ஓட்டிவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. போன வாரம் இந்தப் பழைய காரை ஓட்டிப் பார்த்தபோது, கொஞ்ச தூரம் போனதும், என்ஜினுக்குள் ஓடும் ஆயிலின் அழுத்தத்தைக் காட்டும் பிரஷர் மீட்டரின் முள் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. கார்க்காரர் அசரவில்லை. கிழட்டு மீட்டர், சூடு பட்டால் சொதப்பும் என்றார். சந்தேகம் என்றால் தனக்குத் தெரிந்த இன்ஜினியர் பெண் இருக்கிறாள், அவளையே கேளுங்கள் என்று நின்ற இடத்திலேயே போன் போட்டுக் கொடுத்தார்.

அவளும் சொல்லிவிட்டாள். மீட்டர்தான், என்ஜினுக்கு ஒன்றும் இல்லை என்று. வண்டியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல்.

படித்த பெண் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அந்த மனுஷன் வேன் வேலையை விட்டுவிட்டார். படித்தவர்களை நம்புகிறவர்கள் பாவம். பணம் கொடுப்பதற்கு முன் அந்த மேடம் ஒரு தடவை நேரில் பார்த்துவிட்டால் மனசு நிம்மதியாகிவிடும் என்று அவர் கேட்டபோதுதான் வேலையை விட்ட சங்கதி அவளுக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இன்று வந்ததும் முதலில் என்ஜினிலிருந்து மீட்டருக்குத் தகவல் அனுப்பும் சென்சரின் வயரை உருவி, கார் பாடியில் தொட்டுப் பார்த்தாள். டேஷ்போர்டில் முள் துள்ளி மறுகோடிக்குப் போனது. மீட்டரும் வயரும் நன்றாக இருக்கின்றன. மீதி இருந்தது சென்சர். அதைக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டையில் அழுத்தத்தை நேரடியாக அளக்கும் தன்னுடைய பிரஷர் கேஜை முறுக்கினாள். ஸ்டார்ட் செய்ததும் அதன் முள் நன்றாகவே ஏறியது. கார்க்காரர் உடனே, பார்த்தீங்களா, சென்சர்தான் போச்சு என்று சிரித்தார். சாவியை நோக்கிக் கை நீட்டியதும் அப்போதுதான்.

என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. டிரைவர் அருகில் வந்து, முள்தான் ஏறிவிட்டதே, இன்னும் எதற்குக் காத்திருக்கிறோம் என்று கேட்டார். ஆறிய ஆயில் கெட்டியாக இருக்கும், தேய்ந்த என்ஜினில்கூட முள்ளை மேலே தூக்கி நிறுத்திவிடும், சூடாகி இளகின பிறகுதான் குட்டு வெளிப்படும் என்றாள்.

"எங்க மாமியாரும் அப்படித்தான் மேடம். கல்யாணத்தன்னைக்குப் பார்த்தா ஒண்ணும் தெரியல."

அவள் சிரிக்கவில்லை. சென்சரைக் கழற்றியபோது ஒட்டிய ஆயிலை விரல்களுக்கு நடுவே தேய்த்தாள். புது ஆயில். தேன் மாதிரி இழுத்தது.

"எப்ப மாத்தினீங்க?"

நேற்றுதான் என்றார் கார்க்காரர். வாங்குகிறவருக்கு நல்லபடியாகக் கொடுக்க வேண்டாமா என்றார். இந்த வண்டிக்கு இவ்வளவு கெட்டியான ஆயில் எதற்கு என்று அவள் கேட்டதற்கு, ஷெட்டின் கூரையில் எதையோ தேடினார். உள்ளே கடகடக்கும் சத்தத்தை அமுக்கத்தான் அதை ஊற்றுவார்கள். அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

ரேடியேட்டர் ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. முள் இறங்கக் கூடாது என்று அந்த ஷெட்டில் இருந்த மூன்று பேருமே வேண்டிக்கொண்டார்கள். அதிகமாக வேண்டியவள் அவள்தான். எல்லாரையும் அலட்சியம் செய்துவிட்டு, முள் மெதுவாக இறங்கி அடிக்கோட்டைத் தொட்டது.

அவளே சாவியைத் திருப்பினாள்.

"மீட்டர்ல கோளாறு இல்லண்ணே. அது போன வாரமே உண்மையைச் சொல்லிடுச்சு. தப்பா சொன்னது நான். உள்ள பேரிங் தேஞ்சு போச்சு. டாக்ஸியா ஓட்டினா நடுரோட்டுல நிக்கும். வாங்காதீங்க."

"ஏய்..." என்று ஆரம்பித்த கார்க்காரர் மீதியை விழுங்கிக்கொண்டார். "சோத்துல மண்ணைப் போட்டுட்டீங்க மேடம்."

டிரைவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வேனுக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள் என்று மட்டும் தரையைப் பார்த்துச் சொன்னார். தான் வந்து வேன் முதலாளியிடம் பேசுவதாக அவள் சொன்னாள். வேண்டாம் என்று தலையாட்டினார்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க மேடம். இன்னைக்கு இத்தனை பாக்குற ஆளு, அன்னைக்கு ஒண்ணையும் பாக்காம எப்படிச் சொன்னீங்க?"

அவள் சுடச்சுடக் கேஜைக் கழற்றித் துணியில் சுற்றிப் பையில் போட்டாள். சென்சரை அதன் இடத்தில் மாட்டினாள். கையைத் துடைத்தாள். கேட் வரைக்கும் போய் நின்றாள்.

"இவர் சொன்னாருண்ணே. இவர் சொன்னதைச் சோதிச்சுப் பார்த்து எனக்குப் பழக்கமில்ல."

தெருவில் இறங்கிய பிறகுதான் கார்க்காரரைத் திரும்பிப் பார்த்தாள்.

"என் பெட்டியைக் காலையிலேயே ஹாஸ்டல்ல கொண்டுபோய் வெச்சாச்சு. அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க, அப்பா."