பத்து வரை எண்ணுதல்

1994 மார்ச், மதியம் இரண்டேகால். மயிலாப்பூரில் ஒரு மகளிர் கல்லூரியின் இரண்டாம் மாடி வகுப்பில் மின்விசிறி கிறீச்சிட்டுச் சுற்றுகிறது. வரலாற்று விரிவுரையாளர் சகினா மேடையில் வெறுங்கையுடன் நிற்கிறாள். பதினோரு வருடமாக அவள் நோட்ஸ் சொல்வாள், மாணவிகள் குனிந்து எழுதுவார்கள்; அவளுக்குத் தெரிந்தவை நாற்பது வகிடுகள்தாம், முகங்கள் அல்ல. இன்று அந்த மஞ்சளேறிய தாள்கள் கைப்பைக்குள்ளேயே இருக்கின்றன. கேள்வி கேளுங்கள், கேட்டுவிட்டு மனத்துக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருங்கள் என்று போன வாரம் விரிவுரையாளர்களுக்கு நடந்த பயிற்சி வகுப்பில் சொல்லியிருந்தார்கள்.

“பஞ்சம் வந்தா யார் வீட்டு அடுப்பு முதல்ல அணையும்? நீங்க என்ன நினைக்கிறீங்க?”

ஒன்று, இரண்டு. ஜன்னல் கம்பிகளின் நிழல் மேசைமேல் கோடு கோடாகக் கிடக்கிறது. சாக்பீஸ் தூள் வெயிலில் மிதக்கிறது. கீழே தெருவில் ஒருவன் பழைய பேப்பர் கேட்டுப் போகிறான். நான்கு, ஐந்து. பேனாக்கள் சரசரக்கின்றன, எதையோ எழுதுகிறார்கள். பதில்களாக இருக்கும். ஏழு, எட்டு. முதல் பெஞ்சுப் பெண் ஒருத்தி நிமிர்கிறாள். அவள் நெற்றியில் இருக்கும் சிறு தழும்பைச் சகினா இன்றுதான் பார்க்கிறாள்.

“மேடம்...”

“சொல்லும்மா, தைரியமா சொல்லு.”

“‘நினைக்கிறீங்க’ வரைக்கும் எழுதியாச்சு மேடம். அடுத்த வரி?”

ஒன்பதில் நின்றுவிட்ட எண்ணிக்கையோடு சகினா கைப்பையைத் திறக்கிறாள். ஜிப் சத்தம் கேட்டதும், நிமிர்ந்திருந்த அந்த ஒரு தலையும் குனிந்துகொள்கிறது.