சோதனைச் சாவடி

"விடுடீ!" என்று கத்திய பஸ் டிரைவர், பெண்டாட்டியின் வாயில் முழங்கையால் இடித்தார். உதடு கிழிந்து ரத்தம் வழிந்தது. அப்படியும் அவள் ஆரஞ்சு ஜூஸ் பாட்டிலிலிருந்து கையை எடுக்கவில்லை.

இருவரும் மோதியதில் அலமாரி ஆடி, ஜாம் பாட்டில்கள் மடமடவென்று விழுந்து நொறுங்கின.

கடையில் யாரும் ஆச்சரியப்படவில்லை. அவளுக்கு அங்கே 'சோதனைச் சாவடி' என்றுதான் பெயர். சர்க்கரை முற்றிப் புருஷனின் இரண்டு கால்விரல்களை எடுத்ததிலிருந்து, வாராவாரம் தள்ளுவண்டியைச் சோதித்த பிறகுதான் பில் போட விடுவாள். பிஸ்கட்டும் ஜூஸும் அலமாரிக்கே திரும்பும். கீரை, பயறு, வெள்ளரிக்காய் தப்பிக்கும். "மிச்ச விரலையும் குடுக்கப் போறீங்களா?" என்று கடையே கேட்க மிரட்டுவாள்.

மேனேஜர் ஓடி வந்தார். "பிடுங்காதீங்கக்கா! ஒரு நாளைக்குக் குடிச்சுட்டுப் போகட்டுமே!"

அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். டிரைவர் அவள் நெஞ்சுக்குழியில் ஒரு குத்து விட்டார். மூச்சடைத்து அப்படியே மடங்கினாள், சத்தமே வரவில்லை.

"இந்தம்மா படுத்துற பாட்டுக்கு யாருக்குத்தான் கை நீளாது?" என்றான் காய்கறி எடை போடுபவன். அடி வாங்கியவள் மேலேயே பழி! நம் ஜனங்களுக்கு அது மட்டும் சட்டென்று வந்துவிடும். அவன் அவளைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்தான். அவள் அவன் மணிக்கட்டைக் கடித்தாள். "ஐயோ, கடிக்கிறாளே!" என்று அவளை ஃப்ரீசர் மேல் வைத்து அழுத்தினான்.

மேனேஜர் பாட்டிலைக் கைப்பற்றினார். ஏசி குளிரில் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, டிரைவரின் சட்டை மட்டும் தொப்பலாக நனைந்திருந்தது. இந்தக் குத்து குத்தினால் வேர்க்காதா பின்னே?

"நீங்க குடிங்கண்ணே. யார் கேட்கிறாங்கன்னு நான் பார்க்கிறேன்."

டிரைவர் பாட்டிலை வாங்கினார். முறைத்தார். அதாலேயே மேனேஜரின் நெற்றியில் ஓங்கி அடித்தார். கண்ணாடி சிதறியது, ஜூஸும் ரத்தமும் கலந்து மூக்கில் இறங்கியது.

"கேட்டதைத்தானேய்யா குடுத்தேன்!" என்று அலறினார் மேனேஜர்.

டிரைவருக்குக் கால் தள்ளாடியது. ஏதோ உளறிக்கொண்டே அலமாரியோடு சரிந்து உட்கார்ந்தார்.

எடைக்காரனின் பிடி தளர்ந்தது. அவள் கண்ணாடிச் சில்லுகள் மேலேயே தவழ்ந்து போனாள். அலமாரியிலிருந்த ஜூஸ் பாக்கெட் ஒன்றைப் பல்லால் கிழித்து, புருஷன் தாடையைப் பிடித்து வாயில் வைத்தாள். ஒரு வாய் உள்ளே இறங்கியது.

எடைக்காரன் வாயைப் பிளந்தான். "என்னக்கா இது? இவ்வளவு நேரம் பிடுங்கிட்டு, இப்ப நீங்களே குடுக்கறீங்க?"

அப்போதுதான் அவளுக்குக் குரல் திரும்பியது.

"இன்சுலின் ஊசியைப் போட்டுக்கிட்டுப் பட்டினியா வந்திருக்காரு, சர்க்கரை ஒரேயடியா இறங்கிப்போச்சு. நான் எங்கடா பிடுங்கினேன்? ஊட்டினேன்!"