பெருச்சாளி விலைக்கு வாங்கிய சறுக்கு

தோப்புக்கு அடியில் பெருச்சாளி ஒரு விளையாட்டுச் சுரங்கம் தோண்டி வைத்திருந்தது. ஒரு வேர்க்கடலை கொடுத்தால் உள்ளே போய் வழி தேடி வெளியே வரலாம். ஒருமுறை வந்த முயல்குட்டிகள், "அவ்வளவுதானா?" என்று கொட்டாவி விட்டன.

கை சும்மா இருக்காத அணில், சுரங்கத்துச் சரிவில் பாக்கு மட்டைகளை வழவழவென்று பரப்பிவிட்டது. யாரிடமும் கூலி ஒன்றும் கேட்கவில்லை. அவ்வளவுதான்! குட்டிகள் வரிசைகட்டின. பெருச்சாளியின் பொந்தில் கடலை குவிந்தது. ஆனால் சறுக்கி வந்த ஒவ்வொன்றும், "அணிலண்ணே, சூப்பர்ணே!" என்றுதான் கத்தியது.

பெருச்சாளிக்கு வயிறு பற்றி எரிந்தது. 'குழி என்னுது, தேய்ஞ்ச நகம் என்னுது. பேரு மட்டும் இந்த வாலுப்பயலுக்கா?'

மட்டையைப் பிடுங்கினால் கடலை நின்றுவிடும். அதனால் அணிலைக் கூப்பிட்டது.

"தம்பி, இந்தா கொய்யாப்பழம். கூலி வாங்கிட்டேல்ல? இனிமே சறுக்கு என்னுது."

"தாராளமா வச்சுக்கோங்க அண்ணாச்சி! முன்னாடியே குடுத்திருந்தா இன்னொரு வளைவும் போட்டிருப்பேனே" என்றது அணில், வாய் நிறையப் பழத்தோடு.

மறுநாள் அணில் எதிர் மரத்து வேரில் உட்கார்ந்து மிச்சப் பழத்தைக் கொறித்தது. பெருச்சாளியோ மீசையை நீவிக்கொண்டு சுரங்க வாசலில் நடுநாயகமாக நின்றது. முதல் குட்டி சர்ரென்று வந்து அதன் தொந்தியில் மோதியது.

"எப்படி நம்ம சறுக்கு?" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தது பெருச்சாளி.

குட்டி கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தது.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க பெரியப்பா, அணிலண்ணன் தெரியல."