மாதிரிக்கு எடுத்துப்போனது

டிவியின் பவர் போர்டில் வீங்கியிருந்த கெப்பாசிட்டரைக் கழற்றி, கடையில் மாதிரி காட்டிப் புதுசு வாங்குவதற்காக என் கணவர் ஆக்னல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"வத்தலக்குண்டு போயிட்டு வெரசா வந்துர்றேன். போர்டைத் தொட்டுறாத."

மலைப்பாதையில் இறங்கும்போதே பைக் கவிழ்ந்துவிட்டது. கடைக்கு அவர் போய்ச் சேரவில்லை.

போர்டு மேசையிலேயே கிடந்தது. துக்க வீட்டில் டிவி போடுவதில்லை என்பதால் யாரும் அதைப் பற்றிக் கேட்கவுமில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் என் நாத்தனார் செலினாவும் அவள் கணவர் ராபினும் வந்தார்கள். மிச்ச வேலையை முடித்துத் தருவதாகச் சொல்லி ராபின் போர்டைக் கையில் எடுத்தார்.

"புதுக் கெப்பாசிட்டர் மாட்டியிருக்கே அக்கா. யாரு வந்தது?"

"யாரும் வரல."

செலினா சிரித்தாள். "அப்ப தானா மொளச்சிருச்சா? எங்கண்ணன் போயி ஒரு மாசந்தான் ஆகுது, எந்த ஆம்பளைய மதினி வீட்டுக்குள்ள விட்டீங்க?"

ராபின் மேல்தான் எனக்குச் சந்தேகம். வீட்டுச் சாவி ஒன்று அவர்களிடமும் இருந்தது. ஆனால் பற்றவைத்த இடத்தில் என் நெயில் பாலிஷால் ஒரு சிவப்புப் பொட்டு வைப்பது ஆக்னலின் பழக்கம். அது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. புதுசைப் பற்றவைத்த இடத்திலும் அந்தப் பொட்டு இருந்தது.

செலினா இப்போது என் வீட்டுக்கு வருவதில்லை.

ஆஸ்பத்திரியில் கொடுத்த அவர் சட்டையை நான் துவைக்கவில்லை. அதன் பையில் அந்த வீங்கிய கெப்பாசிட்டர் அப்படியே இருக்கிறது.