ரெண்டுல எது?

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்கு அப்பாவின் போனில் மெசேஜ் வந்து விழுந்தது. அப்பா இறந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

முத்துமீனா எடுத்துப் பார்த்தாள். 'சோழவந்தான் மலையாண்டி' என்று பெயர். இரண்டு யூடியூப் இணைப்புகள். கீழே ஒரே ஒரு வரி.

"அண்ணே, ரெண்டுல எது?"

மேலே தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. ஆறு வருடத்து ஞாயிற்றுக்கிழமைகள்.

வயலினும் பியானோவும் மட்டும் சேர்ந்து வாசிக்கிற ஏதோ ஒரு சொனாட்டா. அதையே இரண்டு ஜோடிகள் தனித்தனியாக வாசித்த பதிவுகள். ஒரு வாரம் அப்பா அனுப்புவார், மறுவாரம் அவர். எது பிடித்தது, ஏன் பிடித்தது, அவ்வளவுதான். ஒரு பொங்கல் வாழ்த்துகூட இல்லை.

அப்பா பீமாராவ் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வுபெற்றவர். ஞாயிறு காலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மாடிக்குப் போவார். செய்தி கேட்கிறார் என்றுதான் வீட்டில் நினைத்திருந்தார்கள்.

'அப்பா இறந்துவிட்டார்' என்று தட்டினாள். அனுப்ப விரல் வரவில்லை.

அவர்கள் குடியிருக்கும் கோச்சடை முழுக்கத் தெரிந்துவிட்டது. இந்த ஒரு ஆளுக்கு மட்டும்தான் அப்பா இன்னும் உயிரோடு இருக்கிறார்.

அழித்துவிட்டு, அப்பாவின் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

முதல் பதிவைக் கேட்டாள். இரண்டாவதைக் கேட்டாள். மறுபடி முதலாவது. எல்லாம் ஒன்றாகவே இருந்தது. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை அவளுக்கு. இரண்டு குழாய்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணாலேயே வித்தியாசம் சொல்வாள். இங்கே ஒன்றும் பிடிபடவில்லை. தலைதான் வலித்தது.

கடைசியில், எப்போதோ அப்பா எழுதியிருந்த ஒரு வரியை அப்படியே எடுத்துப் போட்டாள்.

"ரெண்டாவதுதான் மலையாண்டி. பியானோ பொறுத்துப் போகுது."

உடனே நீல டிக் விழுந்தது. வெகுநேரம் எதையோ தட்டிக்கொண்டிருப்பதாகக் காட்டியது. வந்தது ஒரே வார்த்தை.

"சரிண்ணே."

அடுத்த ஞாயிறு இவள் முறை. ஒரு மணி நேரம் தேடி இரண்டை அனுப்பினாள். ஒன்றுக்கு முகப்புப் படமாகச் சிவப்பு அட்டை, இன்னொன்றில் கறுப்பு வெள்ளைப் படம். மதியம் பதில் வந்தது.

"மொதல்லதுண்ணே. ரெண்டாவதுல வயலின் அவசரப்படுது."

அவசரம் என்றால் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. மறுபடி கேட்டாள்.

முதல் பதிவில் மூன்றாவது நிமிடத்தில் கூட்டத்தில் யாரோ இருமினார்கள். இரண்டாவதில், அதே நொடியில், அதே இருமல்.

இரண்டும் ஒன்றேதான். யாரோ அட்டையை மட்டும் மாற்றி ஏற்றியிருக்கிறார்கள்.

அப்படியென்றால் அவசரத்தை அவர் எங்கே கேட்டார்?

அந்த வாரம் முழுக்க அதே குழப்பம். நரம்பைத் தேடி ஊசியைக் குத்தும்போதும் அதுதான் ஓடியது. ஒருவேளை தனக்குக் கேட்காதது அவருக்குக் கேட்டிருக்குமோ? இல்லை, அவர் கேட்கவே இல்லையோ? ஆறு வருடமும் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சும்மா அளந்துவிட்டுக்கொண்டிருந்தார்களோ?

அப்பாவின் காதை நினைத்துப் பெருமைப்பட ஆரம்பித்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அதுவும் பொய்யாகிவிடும் போலிருந்தது.

மூன்றாவது ஞாயிறு, மெசேஜ் வருவதற்கு முன்பே ஆரப்பாளையத்தில் சோழவந்தான் பஸ் ஏறிவிட்டாள். 'பஸ் ஸ்டாண்ட்ல எறங்கி வெத்தலைக் கொடிக்கால் மலையாண்டி வீடுன்னு கேளுங்கண்ணே' என்று எப்போதோ அவர் எழுதியிருந்தார். அப்பா ஒரு தடவைகூடப் போனதில்லை.

பெட்டிக்கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் வழி சொன்னார்.

கதவு திறந்தே இருந்தது. எதிர்ச் சுவரில் ஒரு பெரிய படம். சந்தன மாலை. மலையாண்டி. மறைவு, ஜனவரி ஒன்பது.

முத்துமீனா தேதியை இன்னொரு முறை படித்தாள். அப்பா இறந்தது மார்ச் கடைசியில். விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். கணக்கு வரவில்லை.

உள்ளேயிருந்து ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வந்தார். கழுத்தில் ஹெட்போன் தொங்கியது. மலையாண்டியின் மனைவி பாண்டியம்மாள்.

"நான் பீமாராவ் மக," என்றாள் முத்துமீனா.

பாண்டியம்மாள் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"இவரு போன மறுவாரம் உங்கப்பா ரெண்டு பாட்டு அனுப்பிருந்தாரு தாயி. எனக்கு என்ன தெரியும்? மொதல்லதுன்னு போட்டு விட்டேன். அஞ்சு நிமிசத்துல போன் பண்ணி, யாரும்மா இதுன்னு கேட்டாரு. ஓன்னு அழுதுட்டேன். சரிம்மா, இனிமே நீ கேளு, ஞாயித்துக்கிழமைய மட்டும் விட்டுறாதன்னாரு. அம்புட்டுத்தான். அதுலருந்து நாந்தான் கேக்குறேன்."

முத்துமீனா மெல்லக் கேட்டாள். "போன வாரம் அனுப்புனது..."

"ரெண்டும் ஒண்ணுதான். எனக்கும் இருமல் கேட்டுச்சு." பாண்டியம்மாள் லேசாகச் சிரித்தார். "அப்படிச் சொன்னா நீ கூச்சப்பட்டு நிறுத்திருவ. அதான் வாயில வந்தத எழுதுனேன்."

நீ என்கிறார். அண்ணே என்றல்லவா எழுதியிருந்தார்?

"நான்னு தெரியுமா?"

"யாருன்னு தெரியாது தாயி. மலையாண்டின்னு இவரு பேரச் சொல்லி எழுதிருந்துச்சு பாரு, அண்ணே இல்லன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. கேட்டு எழுதலாம்னு போன எடுத்தேன், மனசு வரல."

சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்.

"அப்பா என்னைக்கும்மா தவறுனாரு?"