பத்துப் பேர் சேர்ந்தால்

"பத்துப் பேரும் சேர்ந்தாச்சு, தங்கச்சி" என்று தம்பித்துரை தொலைபேசியில் சொன்னதும், ரஞ்சினி அடுப்பை அணைத்துவிட்டுக் குசினி நிலத்திலேயே குந்தியிருந்து அழுதாள்.

போன கோடையில் அந்த விடுமுறைப் பயணப் பட்டியலில் ஒரேயொரு பெயர்தான் இருந்தது. அவளுடைய மகன் கவிஷனின் பெயர். ஒன்பது வயது, பேச்சு வராது, தண்ணீரைக் கண்டால் அதை நோக்கி ஓட்டம். நடுவிலே ரைன் நதி ஓடும் கொலோனில் அவனை எங்கே கூட்டிப்போவது? ஆறு வாரப் பள்ளி விடுமுறையையும் தாயும் மகனும் நாலாம் மாடியில், யன்னல்களுக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டு கழித்தார்கள்.

ஒரு ஜேர்மன் தொண்டு நிறுவனத்துக்கு மலைப்பக்கத்தில் பண்ணையொன்று இருந்தது. சுற்றிவர ஆளுயர வேலி, இரட்டைக் கொளுக்கி போட்ட படலை, சாதுவான நாலு மட்டக்குதிரை, பூட்டி வைத்த நீச்சல் தடாகம், பிள்ளைக்கு ஓர் ஆள் துணை. கவிஷன் மனம்போல ஓடலாம். ஓடினாலும் வேலியில்தான் போய் முட்டுவான். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு வாரம் இலவசம்.

மற்ற வாரமெல்லாம் இரண்டு வருடத்துக்கு நிரம்பிக் கிடந்தன. சங்கங்களுக்கென்று ஒதுக்கிய ஒரே வாரத்துக்குப் பத்துப் பிள்ளைகளாவது சேர வேண்டும். வைத்தியர் கடிதம்கூடத் தேவையில்லை, தாய்மார் சொல்வதை நம்புவோம் என்றாள் பொறுப்பாக இருந்த ஃப்ரவ் கெஸ்லர்.

ரஞ்சினி அப்போது வீடு வீடாக ஏறி இறங்கினாள். ஏறிய வீடெல்லாம் தேத்தண்ணி தந்தார்கள், பெயர் தரவில்லை. "எங்கடை வீட்டிலை அப்பிடி ஒருத்தரும் இல்லை, ரஞ்சினி" என்றாள் மக்டலீன், அந்த 'அப்பிடி'யை வாயில் வைத்திருக்கவே கூசியவள் போல.

இந்த வருடம் சங்கச் செயலாளர் தம்பித்துரையே களத்தில் இறங்கினார். வீட்டுக்கென்றாலும் விசாவுக்கென்றாலும் கொலோன் தமிழரின் அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், அவருடைய பேனாவால் நிரம்பினால்தான் சரிவரும் என்று பேர். அவருடைய விசிட்டிங் காட்டில் பெயருக்குக் கீழே மூன்று பதவிகள் இருந்தன. மூன்றும் அவரே தமக்குக் கொடுத்துக்கொண்டவை.

"எப்பிடி அண்ணை சம்மதிச்சவை?" என்று ரஞ்சினி மூக்கைத் துடைத்தபடி கேட்டாள்.

"விழிப்புணர்வு, தங்கச்சி. பண்ணையின்ரை படங்களைக் கொண்டுபோய்க் காட்டினன். பத்திரமெல்லாம் நானே நிரப்பினன். எங்கடை சமூகம் கண் திறந்திட்டுது."

"மக்டலீன் அக்காவுமோ?"

"அவதான் முதல் கையெழுத்து. மகள் ஜெசிக்காவைப் போட்டிருக்கிறா."

ரஞ்சினி திகைத்துப்போனாள். தமிழ்ப் பள்ளிக் கலைவிழாவில் ராணியாக நடித்து முதற்பரிசு வாங்கிய பிள்ளை ஜெசிக்கா. அவளுக்குள்ளும் ஏதோ இருந்திருக்கிறது. தாய்க்காரி எப்படி மூடி மறைத்து வைத்திருந்திருக்கிறாள், பாவம். இத்தனை காலமும் தான் ஒருத்திதான் என்று நினைத்து அழுததை எண்ண ரஞ்சினிக்கு வெட்கமாக இருந்தது.

பயண நாள் வந்தது. பல்கனிகளில் உலகக் கிண்ணக் கொடிகள் இன்னும் இறங்காத கோடை அது. பேருந்தின் பக்கவாட்டில் கட்டிய பதாகையில் பண்ணையைவிடத் தம்பித்துரை பெரிதாக இருந்தார். மங்கல விளக்கேற்றி, இரண்டு நிமிட மௌனம் காத்து, அவர் நாற்பது நிமிடம் பேசினார். அவ்வளவு நேரமும் கவிஷன் தாயின் கையைப் பிய்த்துக்கொண்டு ஓடப் பார்த்தான். மற்ற ஒன்பது பேரும் அசையாமல் நின்றார்கள்.

ரஞ்சினி விடிய எழும்பிப் பத்துப் பிள்ளைகளுக்கும் ரோல்ஸ் பொரித்துக் கொண்டுவந்திருந்தாள். மக்டலீனைக் கண்டதும் கட்டிப்பிடித்தாள்.

"எனக்கெண்டாலும் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, அக்கா."

"என்ன செய்யிறது..." என்று மக்டலீன் பேருந்தின் சில்லைப் பார்த்தாள். அந்தப் பார்வை ரஞ்சினிக்குத் தெரியும். ஒன்பது வருடமாக அவளும் அப்படித்தான் சில்லுகளையும் செருப்புகளையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மக்டலீன் குனிந்து மகளின் கொலரைச் சரி செய்தாள். "சொன்னதெல்லாம் ஞாபகம் இருக்கெல்லோ?" ஜெசிக்கா தலையாட்டினாள்.

ஃப்ரவ் கெஸ்லர் பட்டியலோடு வந்தாள். பத்தில் ஒன்று குறைந்தாலும் பேருந்து திரும்பிவிடும், விதி அப்படி என்று சிரித்துக்கொண்டே சொல்லி, ஒவ்வொரு பிள்ளையாகப் பார்த்தாள். ஒருவன் மேலே பார்த்தபடி வாயைத் திறந்து வைத்திருந்தான். ஒருத்தி காலை இழுத்தாள். ஜெசிக்காவின் தலை ஒரு பக்கம் சாய்ந்து, வலக்கை நெஞ்சோடு மடங்கியிருந்தது.

கடைசியாகக் கவிஷன். அவன் வழக்கம்போலக் கண்ணுக்கு முன்னால் விரல்களை ஆட்டியபடி, முன்னும் பின்னும் அசைந்து, மூக்கால் ஒரே சுருதியில் முனகிக்கொண்டு நின்றான். ஃப்ரவ் கெஸ்லர் பத்தாவது பெயருக்கும் அடையாளம் இட்டுவிட்டு, மூன்றடி தள்ளி நின்ற தம்பித்துரைக்குக் கை கொடுக்கப் போனாள்.

ரஞ்சினி ஜெசிக்காவுக்கு முன்னால் முழங்காலிட்டு ஒரு ரோல்ஸை நீட்டினாள். மடங்கியிருந்த கை விரிந்து அதை வாங்கியது. பிள்ளை ஃப்ரவ் கெஸ்லரை ஒருமுறை பார்த்துவிட்டு, ரஞ்சினியின் காதோடு வாயை வைத்தாள்.

"அன்ரி, எங்கள் எல்லாரிலையும் கவிஷன்தான் திறமாய் நடிக்கிறான். ஆர் பழக்கினது?"