புறவாசல் குழி

"இன்னும் ஆழமாத் தோண்டுலே! நாய் மோந்து வெளிய இழுத்துட்டு வந்துச்சுன்னா தொலைஞ்சோம்."

காசிலிங்கம் குழிக்குள் எட்டிப் பார்த்தார். புறவாசல் தென்னைக்குப் பின்னால் இடுப்பளவு குழிக்குள் நின்ற மைத்துனன் செந்தூர்பாண்டி, மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தான்.

"அத்தான், கையெல்லாம் கொப்புளம். இப்படி ஒளிச்சு மறைச்சுப் புதைக்க நாம என்ன கொலையா செஞ்சோம்?"

"கொலைகாரனுக்குக்கூட வக்கீல் கிடைப்பான். பேசாமத் தள்ளுலே!"

செந்தூர்பாண்டி கூடையைக் கவிழ்த்தான். உள்ளே விழுந்தவை வாழை இலைகள். சாம்பாரும் பாயசமும் ஒட்டிய எச்சில் இலைகள், இதோடு நூற்று முப்பது.

அன்று காசிலிங்கத்தின் மகள் செல்லக்கனிக்குக் கல்யாணம். உலகச் சண்டை முடிந்து வருஷம் ஒன்றாகியும் அரிசிக் கட்டுப்பாடு முடிந்தபாடில்லை. கல்யாண வீட்டில் ஐம்பது பேருக்கு மேல் சோறு போட்டால் ஆறு மாசம் உள்ளே என்று உத்தரவு. இன்ஸ்பெக்டர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து எச்சில் இலையை எண்ணுகிறார்களாம். அதனால் வாசல் தொட்டியில் சரியாக ஐம்பது இலை, மற்றதெல்லாம் குழிக்கு.

இத்தனைக்கும் கள்ள மார்க்கெட் அரிசிகூட இல்லை. ஸ்ரீவைகுண்டத்தில் அவருடைய சொந்த வயலில் விளைந்த நெல். தன் நெல்லைக் குத்தி, தன் வீட்டில், தன் சொந்தக்காரர்களுக்குப் போட எவனைக் கேட்க வேண்டும்? கேட்கத்தான் வேண்டுமாம். கிரகசாரம்!

"கடைசிப் பந்தி இலை வந்ததும் மூடிரு" என்று சொல்லிவிட்டு முன்பக்கம் வந்தவர் சட்டென்று நின்றார். பந்தல் வாசலில் காக்கிச் சட்டை போட்ட ஆள் ஒருவன். காதில் பென்சில், கையில் நோட்டு. ஒவ்வொரு தலையாகப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தான்.

வந்துவிட்டான்! தாலி ஏறி முழுசாக மூன்று மணி நேரம் ஆகவில்லை. சம்பந்தி வீட்டார் பார்க்க, விலங்கு மாட்டி இழுத்துக்கொண்டு போனால் செல்லக்கனி அந்த வீட்டில் எந்த முகத்தோடு வாழ்வாள்?

கடைசிப் பந்தியில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். ஒரு பெரியவர் மட்டும் ரசத்துக்கு மூன்றாம் தரம் சோறு கேட்டு வாங்கிப் பிசைந்துகொண்டிருந்தார். தோளில் பட்டு அங்கவஸ்திரம், நெற்றியில் சந்தனம், பிசைகிற விரல்களில் கழுவியும் போகாத ஊதா மை. வேம்பாரிலிருந்து வந்த சம்பந்தி வகையில் யாரோ பெரிய தலை. காசிலிங்கம் ஓடிப்போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, நீங்கதான் என் மானத்தக் காப்பாத்தணும். வாசல்ல இன்ஸ்பெக்டர் நிக்கான்."

"அதுக்கு ஏன் நடுங்குதீரு? தொட்டியில அம்பது இலைதான கிடக்கு? வரும்போதே எண்ணிப் பாத்தேனே."

"மிச்சம் நூத்தி முப்பது புறவாசல்ல குழிக்குள்ள கிடக்கு, அண்ணாச்சி!"

பெரியவரின் கை ஒரு கணம் நின்றது. பிறகு அப்பளத்தை நொறுக்கினார். "ஆறு மாசமாப் புழுத்த அரிசியத் தின்னு நாக்கு செத்துப்போச்சுவே. இன்னும் ஒரு கை மோருக்குப் போடச் சொல்லும்."

இந்த மனுஷனுக்குச் சோறுதான் பெரிசு! காசிலிங்கத்துக்கு அழுகை வந்தது. அதற்குள் காக்கிக்காரன் நேரே அவரை நோக்கி வந்துவிட்டான். காசிலிங்கம் எழுந்து நின்றார். துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊத, அதற்கும் தூக்கிவாரிப்போட்டது.

"அண்ணாச்சி, பொண்ணுக்குத் தகப்பனாரு நீங்கதான?"

"நா... நாந்தான். தொட்டியில எண்ணிக்கிடுங்க. அம்பதுதான் கிடக்கு. சத்தியமா அம்பதுதான்."

"என்னது அம்பது? நான் வேம்பார் கரி பஸ் கண்டக்டர். மாப்பிள்ளை வீட்டு உருப்படி முப்பத்திரெண்டு ஏத்தியாந்தேன், இப்ப ஒண்ணு குறையுது. பெட்ரோல் இல்லாமக் கரி அடுப்புல ஓடுத வண்டி, அடுப்பு அணைஞ்சிட்டா நகராது. சீக்கிரம் அனுப்பி வைங்க."

போன உயிர் திரும்பி வந்தது. காசிலிங்கம் சிரித்தார், கண்ணைத் துடைத்தார், பெரியவர் பக்கம் திரும்பினார்.

"கேட்டியளா அண்ணாச்சி? கண்டக்டராம்! அந்தக் குறையுத உருப்படி நீங்கதான் போலுக்கு. எந்திரிங்க, பஸ் போயிரும்."

"நான் எங்கன பஸ்ஸுல வந்தேன்? இங்கன, தூத்துக்குடிதான் எனக்கு."

"உள்ளூரா? அப்ப நீங்க மாப்பிள்ளைக்கு என்ன முறை?"

பெரியவர் இடது கையால் மடியிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். மொட்டைக் கடுதாசி. 'ரேஷன் இன்ஸ்பெக்டர் சமூகத்துக்கு. காசிலிங்கம் வீட்டுக் கல்யாணத்தில் இருநூறு பேருக்குச் சோறு. உடனே வந்து பிடிக்கவும்.' அதன் தலையில் ஊதா மையில் ஆபீஸ் முத்திரை, இன்றைய தேதி.

காசிலிங்கம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். யாரும் கேட்காமலே இரண்டு கைகளும் விலங்குக்காக முன்னால் நீண்டன.

இன்ஸ்பெக்டர் மோரைக் கடைசிச் சொட்டுவரை வழித்துவிட்டு, தன் இலையைப் பதமாக மடித்தார். சுற்றுமுற்றும் ஒரு தரம் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"அம்பத்தொண்ணாவது இலை என்னுது அண்ணாச்சி, இதையும் சேத்து ஆழமாப் புதைக்கச் சொல்லும்."